டாய் பாம் என்று வாங்கிய குட்டி ஐந்தரைக் கிலோ ஆகிவிட்டால்

கேள்வி: "கோவையில் வீட்டிலேயே நாய் வளர்த்து விற்கும் ஒருவரிடம் பொமரேனியன் குட்டி வாங்கினோம். 'டாய் பாம், மூணு கிலோவுக்கு மேல போகாது' என்றார். இப்போது லட்டுவுக்குப் பதினான்கு மாதம். கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது. 5.4 கிலோ இருக்கிறாள். அதே ஈற்றில் பிறந்த இன்னொரு பெண் குட்டி என் தங்கை வீட்டில் வளர்கிறது, அது 2.8 கிலோதான். ஒருவர் இது பாமே இல்லை, ஸ்பிட்ஸ் என்கிறார். இன்னொருவர் சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். நாங்கள் ஏமாந்துவிட்டோமா? உண்மையில் எது சரியான எடை?"

பதில்:

முதலில், சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். லட்டுவின் 5.4 கிலோவில் எலும்பும் தசையும் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பார்க்காமல் அவள் தட்டில் கை வைக்கக் கூடாது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். பிறவியிலேயே பெரிய எலும்புக்கூடாக அமைந்த நாயைப் பட்டினி போட்டால் அது சின்ன நாய் ஆகாது. விலா எலும்பு தெரியும் பெரிய நாயாகத்தான் நிற்கும். இருபத்திரண்டு வருடமாக வீட்டில் பாம் வளர்க்கிறேன், நான்கு ஈற்றுகள் என் கண் முன்னால் பிறந்திருக்கின்றன. இந்தத் தவறை நல்ல மனசுக்காரர்கள் செய்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சரி, எது சரியான எடை? உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஒரே எண் கிடையாது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 3 முதல் 7 பவுண்டு என்கிறது. கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 1.4 முதல் 3.2 வரை. கண்காட்சி மேடைக்கு 4 முதல் 6 பவுண்டு சிறந்தது என்றும் சேர்த்துச் சொல்கிறது. இங்கிலாந்தின் கென்னல் கிளப் இன்னும் இறுக்கமாக ஆணுக்கு 1.8 முதல் 2 கிலோ, பெண்ணுக்கு 2 முதல் 2.5 கிலோ என்று வைத்திருக்கிறது. ஐரோப்பாவைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.சி.ஐ. என்ற உலக நாய் அமைப்போ பொமரேனியனைத் தனி இனமாகவே எண்ணுவதில்லை. ஜெர்மன் ஸ்பிட்ஸ் என்ற ஒரே இனத்தை ஐந்து அளவுகளாகப் பிரித்து, அதில் மிகச் சிறியதை பொமரேனியன் என்கிறார்கள். அங்கே கணக்கு உயரத்தில்தான்: தோள்பட்டையின் உச்சி வரை 18 முதல் 24 சென்டிமீட்டர். எடைக்கு எண்ணே கிடையாது, உயரத்துக்குப் பொருத்தமாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். 24-லிருந்து 30 சென்டிமீட்டர் வரை போனால் அதற்குச் சிறிய ஸ்பிட்ஸ் என்று அடுத்த படியின் பெயர் வந்துவிடுகிறது. அதாவது 26 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு நாய் அமெரிக்காவில் "அளவு மீறிய பாம்", ஜெர்மனியில் நல்ல சிறிய ஸ்பிட்ஸ். நாய் அதே நாய்தான்.

இந்த எண்களெல்லாம் எதற்கு எழுதப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம். கண்காட்சியில் நடுவர் எதைத் தேட வேண்டும், வளர்ப்பவர் எதை நோக்கி வளர்க்க வேண்டும் என்பதற்கான அளவுகோல் அவை. உங்கள் வீட்டுச் சோபாவில் தூங்கும் நாயின் உடல்நலத்துக்கான எல்லைக்கோடு அல்ல.

இங்கிலாந்துக் கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? பெண்ணுக்கு ஆணைவிட எடை அதிகம். பெரும்பாலான நாய் இனங்களில் ஆண்தான் பெரிது. இங்கே மாறி இருப்பதற்குக் காரணம் பிரசவம். இரண்டு கிலோவுக்கும் குறைவான பெண்ணின் இடுப்பெலும்பு வழியாகக் குட்டியின் தலை வருவது கஷ்டம். ஒரு ஈற்றில் ஒன்று முதல் மூன்று குட்டிகள்தான் வழக்கமாக இருக்கும், ஒற்றைக் குட்டியாக இருந்தால் அது வயிற்றிலேயே பெரிதாக வளர்ந்துவிடும், கடைசியில் சிசேரியன்தான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சற்றே பெரிய கூடுள்ள பெண்ணையும் சின்ன ஆணையும்தான் இணை சேர்ப்பார்கள். விளம்பரத்தில் காட்டுவது இரண்டு கிலோ அப்பாவை. குட்டி போடும் அம்மா மூன்றரை, நான்கு கிலோவில் உள்ளே இருப்பாள். தலைமுறை தலைமுறையாக இப்படிப் பெரிய அம்மாக்களிடமிருந்தே இனம் பெருகி வருவதால், பெரிய குட்டி என்பது இந்த இனத்தில் விபத்தே அல்ல. எனக்குத் தெரிந்த வளர்ப்பாளர்கள் அப்படி ஒரு பெண் குட்டி பிறந்தால் விற்காமல் தங்களுக்கே வைத்துக்கொள்வார்கள்.

இன்னும் பின்னால் போனால் விஷயம் நன்றாகப் புரியும். பொமரேனியா என்பது பால்டிக் கடலோரப் பகுதி, இன்று போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே பிரிந்து கிடக்கிறது. அங்கிருந்து வந்த ஸ்பிட்ஸ் நாய்களின் மூதாதைகள் வடதுருவப் பக்கம் பனிச்சறுக்கு வண்டி இழுத்த கூட்டம். 1767-இல் அரசி சார்லட் இங்கிலாந்துக்கு வரவழைத்த பொமரேனியன்கள் இன்றைய பாமைப் போல மடியில் அடங்கும் நாய்கள் அல்ல. ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ 1777 வாக்கில் வரைந்த தாயும் குட்டியுமான ஒரு பொமரேனியன் ஓவியம் லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தாயைப் பார்த்தால் இன்று யாரும் பாம் என்று சொல்ல மாட்டார்கள். நீண்ட மூக்கு, நல்ல உயரம், நடுத்தர நாயின் உடம்பு.

அப்புறம் வந்தவர் சார்லட்டின் பேத்தி விக்டோரியா மகாராணி. 1888-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போனவர் அங்கே மார்கோ என்ற பொமரேனியனை வாங்கி வந்தார். மற்றவற்றைவிட மார்கோ சின்னது என்பதாலேயே பெயர் பெற்றது. மகாராணியே தம் நாய்களைக் கண்காட்சிக்கு அனுப்பினார். ஊரே அந்தச் சின்ன அளவின் மேல் ஆசைப்பட்டது. அவர் வாழ்நாளுக்குள் இந்த இனத்தின் அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று அதன் வரலாற்றை எழுதுபவர்கள் சொல்கிறார்கள். 1901-இல் அவர் இறக்கும் தறுவாயிலும் டூரி என்ற பொமரேனியன் அவர் கட்டிலில் இருந்தது.

அந்தப் புகழ்பெற்ற சின்ன மார்கோவின் எடை எவ்வளவு தெரியுமா? 12 பவுண்டு. கிலோவில் 5.4. உங்கள் லட்டுவின் எடைதான்.

அந்த இனத்தை "சின்ன நாய்" ஆக்கிய நாய் இன்று உங்கள் வீட்டில் பிறந்திருந்தால் "இது பாமே இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். மார்கோ காலத்துக்கும் நமக்கும் நடுவே நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, உண்மைதான். ஆனால் மரபணுவின் கணக்கில் அது பெரிய காலம் இல்லை. பழைய அளவு இனத்துக்குள் ஒளிந்துதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வந்தால் ஒரு குட்டி மூத்தோர் உருவத்தை எடுத்துக்கொள்ளும்.

இதற்கு அறிவியல் பக்கமும் உண்டு. நாய்களின் உடல் அளவை நிர்ணயிப்பதில் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சி மரபணுவுக்குப் பெரிய பங்கு இருப்பதை 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2022-இல் அதே பாதையில் வந்த இன்னொரு ஆய்வு, அந்த மரபணுவைக் கட்டுப்படுத்தும் டி.என்.ஏ. பகுதியில் ஒற்றை எழுத்து மாற்றத்தைக் கண்டெடுத்தது. அந்த எழுத்தின் சிறு வடிவம் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்தால் நாய் பெரும்பாலும் சின்ன இனமாக இருக்கும். என்னை வியக்க வைத்த செய்தி என்னவென்றால், ஏறக்குறைய 54,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓநாயின் எலும்பிலேயே அந்தச் சிறு வடிவம் இருந்திருக்கிறது. மனிதன் நாயைப் பழக்குவதற்கு முன்பே குட்டி நாய்க்கான விதை ஓநாய்க்குள் இருந்தது.

ஆனால் அந்த ஒரு மரபணு நாய்களிடையே உள்ள அளவு வேறுபாட்டில் 15 சதவிகிதம் அளவுக்குத்தான் விளக்குகிறது. மீதிக்கு வேறு பல மரபணுக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுகிற மாதிரி ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு கை விழுகிறது. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே நாளில் பிறந்த இரண்டு குட்டிகள் 2.8 கிலோவும் 4 கிலோவும் ஆவதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. என் சின்னி 3.6 கிலோ. அவளுடைய இரண்டாவது ஈற்றில் மூன்று குட்டிகள். வளர்ந்தபோது ஒன்று 2.3, ஒன்று 3.1, மூன்றாவது 4.7 கிலோ. மூன்றுக்கும் ஒரே தகப்பன், அது எனக்கு நிச்சயம், ஏனென்றால் அந்த இரண்டு வாரமும் சின்னி வீட்டை விட்டு வெளியே போகவில்லை. 4.7 கிலோ ஆன மணிதான் மூன்றிலும் அதிக வருடம் இருந்தான். பதினைந்து வயது வரை மாடிப்படி ஏறினான்.

அடுத்தது அந்த "ஸ்பிட்ஸ்" சந்தேகம். நம் நாட்டில் இந்தக் கேள்வி நியாயமானதுதான். எண்பது, தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் "பொமரேனியன்" என்று வளர்ந்த வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் காலத்தில் இங்கு வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வகைகளிலிருந்து, நம் வெயிலுக்குத் தாங்கும்படி உருவான இனம் அது. சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அதைச் சிறியது, பெரியது என்று இரண்டாகப் பிரித்திருக்கிறது. சிறியது 5 முதல் 7 கிலோ, பெரியது 12 முதல் 20 கிலோ. அதாவது 5.4 கிலோ என்பது சிறிய இந்தியன் ஸ்பிட்ஸின் எடை வரம்புக்குள் வருகிறது. உங்களிடம் அப்படிச் சொன்னவர் எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

எடையை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். பாமுக்கு மூக்குப் பகுதி குட்டை. தலையின் மொத்த நீளத்தில் மூக்கு மூன்றில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். ஸ்பிட்ஸுக்கு மூக்கு நீளமாகக் கூம்பி வரும், காது பெரிதாக, கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கும், கால்கள் உயரம். அப்புறம் முடி. பாமின் வெளிமுடி சொரசொரப்பாக விறைத்து நிற்கும், அதற்கு அடியில் பஞ்சு மாதிரி அடர்த்தியான உள்முடி இருக்கும். முடியைப் பிரித்துத் தோலைப் பார்ப்பதற்கே சிரமப்பட வேண்டும். ஸ்பிட்ஸின் முடி உடம்போடு படிந்து விழும், உள்முடி மெலிசு. நிறமும் உதவும்: இந்தியன் ஸ்பிட்ஸ் பெரும்பாலும் வெள்ளை. லட்டு ஆரஞ்சு நிறம் என்றால் ஸ்பிட்ஸாக இருக்கும் வாய்ப்பு குறைவு. இரண்டு இனமும் கலந்த குட்டிகளும் சந்தையில் நிறைய உண்டு. அதில் அவமானம் எதுவும் இல்லை. கலப்பு என்று சொல்லாமல் பாம் விலைக்கு விற்றால்தான் தவறு.

கூடவே விற்பவர்கள் பயன்படுத்தும் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். டாய் பாம், மினி பாம், டீகப் பாம், கல்ச்சர் பாம், பேபி டால், பியர் ஃபேஸ் — இவற்றில் ஒன்றுகூட எந்தக் கென்னல் கிளப் பதிவிலும் தனி வகை கிடையாது. பொமரேனியன் என்றாலே டாய் அளவு நாய்தான், அதற்குள் இன்னொரு டாய் இல்லை. "கல்ச்சர்" என்பது நம் ஊர்ப் பக்கம் முடி அடர்ந்த, உருண்டையான பாமுக்கு வைத்த பெயர். பழைய வெள்ளை ஸ்பிட்ஸிலிருந்து பிரித்துக்காட்ட வந்த சொல் அது, அந்த அளவில் சரி. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னதும் எடைக்கு உத்தரவாதம் கொடுத்த மாதிரி நினைத்துவிடக் கூடாது.

ஏமாந்துவிட்டீர்களா என்று கேட்டீர்கள். எட்டு வாரக் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு "மூணு கிலோவுக்கு மேல போகாது" என்று யாராலும் சொல்ல முடியாது. பிறந்த அன்று பாம் குட்டி நூறு கிராம் அளவுக்கு இருக்கும், அந்த எடையை வைத்து எதிர்காலம் சொல்ல முடியாது. மூன்று குட்டியோடு நெருக்கி வளர்ந்தது சிறிதாகப் பிறந்து பின்னால் முந்திவிடும். மூன்று மாத எடையை இரண்டால் பெருக்கி, மேலே கொஞ்சம் கூட்டினால் வளர்ந்த எடை வரும் என்று வளர்ப்பவர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருப்பார்கள். உத்தேசமாகப் பொருந்தும், அவ்வளவுதான். வளர்ச்சி ஏறக்குறைய பத்து மாதத்தில் நின்றுவிடும். நேர்மையானவர் அம்மாவையும் அப்பாவையும் காட்டி, இதற்கு முந்தைய ஈற்றுக் குட்டிகள் எவ்வளவு வந்தன என்று சொல்லி, "இதற்குள் இருக்கலாம்" என்பார். உங்கள் ஆள் வாக்குறுதி கொடுத்தது தவறு. அதனால் குட்டி போலி என்று ஆகிவிடாது. அந்த அம்மா நாயின் எடை என்ன என்று இப்போதாவது போன் செய்து கேளுங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கே கிடைக்கும்.

மீதிப் பாதி உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. லட்டுவை நிற்க வைத்து, முடிக்கு அடியில் இரண்டு கையையும் விலாவின் மேல் வையுங்கள். அழுத்தாமல் தடவும்போதே விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், புறங்கையில் விரல் ஓட்டினால் தெரியுமே அந்த மாதிரி. உள்ளங்கையின் சதைப் பகுதியைத் தொடுவது போல இருந்து, அழுத்தித் தேட வேண்டியிருந்தால் மேலே கொழுப்பு படிந்திருக்கிறது. மூடிய விரல் முட்டிகளைத் தொடுவது போல முண்டும் முடிச்சுமாக இருந்தால் மெலிந்திருக்கிறாள். பிறகு மேலிருந்து பாருங்கள், விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்ளே வாங்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்பக்கம் மேலேறிப் போக வேண்டும். பாமின் முடி இதையெல்லாம் மறைத்துவிடும், அதனால் குளிப்பாட்டி நனைந்திருக்கும்போது பார்ப்பதுதான் என் வழக்கம். கண்ணுக்கு உருண்டையாகத் தெரிந்த நாய் ஈரத்தில் ஒட்டடைக் குச்சியாக நிற்பதையும் பார்த்திருக்கிறேன், மூன்று கிலோ நாய் ஈரத்திலும் பலாப்பழமாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

கால்நடை மருத்துவர்கள் இதற்கு ஒன்பது படி மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். 4 அல்லது 5 என்றால் சரியான உடம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் தோராயமாக 10 சதவிகிதம் கூடுதல் எடை. அடுத்த முறை ஊசிக்குப் போகும்போது மருத்துவரிடம் "எத்தனை கிலோ" என்று கேட்காமல் "ஒன்பதில் எத்தனை" என்று கேளுங்கள். 7 என்று சொன்னால் லட்டுவின் நியாயமான எடை நாலரைக் கிலோ பக்கம். 5 என்று சொன்னால் 5.4 தான் அவள் எடை, அதோடு விட்டுவிடலாம்.

என் ஊகம், கொஞ்சம் பெரிய எலும்புக்கூடும் கொஞ்சம் கொழுப்பும் கலந்திருக்கும் என்பது. காரணம் கருத்தடை. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு செலவழிக்கும் சக்தி குறையும், பசி மட்டும் கூடும். சாப்பாட்டின் அளவை அன்றே மாற்றாத வீடுகளில் ஆறு மாதத்தில் இடுப்பு காணாமல் போய்விடும். ஆபரேஷன் தவறு என்று நான் சொல்லவில்லை. என் பெண் நாய்கள் எல்லாவற்றுக்கும் செய்திருக்கிறேன், கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் அபாயத்தை நினைத்தால் செய்வதே நல்லது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருத்தடை செய்த 3 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 250 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்டில் 25 கலோரி வரை இருக்கும். காலை காபியோடு அப்பா ஒன்று, சாயங்காலம் குழந்தைகள் ஆளுக்கு ஒன்று என்று மூன்று பிஸ்கட் போனால், அந்த நாயின் ஒரு நாள் சாப்பாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிஸ்கட்டிலேயே போய்விட்டது. நாம் இருபத்து நாலு பிஸ்கட் தின்பதற்குச் சமம். வீட்டில் ஒருவரும் அதிகமாகக் கொடுத்ததாக நினைக்க மாட்டார்கள். என் வீட்டில் இதைச் சரிசெய்ய ஒரே வழிதான் பலித்தது. காலையில் அன்றைய முழுச் சாப்பாட்டையும் அளந்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன். யார் எது கொடுப்பதாக இருந்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்குச் சாப்பாடு முடிந்தது. தயிர்சாதம் கொடுக்கிறீர்களென்றால் அதையும் அளவுக்குள் வையுங்கள். தயிர்சாதத்தால் மட்டுமே நாய் வளராது, முட்டையோ வேகவைத்த கோழியோ சேர வேண்டும். உண்மையிலேயே இளைக்க வேண்டுமென்றால் மருத்துவர் சொல்லும் அளவில், வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவிகிதம் இறங்கினால் போதும். லட்டுவுக்கு அது ஐம்பதிலிருந்து நூறு கிராம்.

ஐம்பது கிராமைக் காட்டும் தராசு வேண்டுமே என்பீர்கள். நாயைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் தராசில் ஏறி நம் எடையைக் கழிக்கிற முறை லாப்ரடாருக்குச் சரி. பாமுக்கு அது பயன்படாது, அந்தத் தராசின் பிழையே கால் கிலோ வரும். கைக்குழந்தைக்குப் பயன்படும் தராசு இருந்தால் நல்லது. இல்லையென்றால் சூட்கேஸ் தூக்கிப் பார்க்கும் கைத்தராசில் துணிப்பையை மாட்டி, பையில் நாயை உட்கார வைத்துப் பார்க்கலாம். எடை சரியாகத் தெரிவது மருந்துக்கும் முக்கியம். உண்ணி மாத்திரைகள் எடைப் பிரிவு வாரியாக வருகின்றன, சிலவற்றில் 2 முதல் 4 கிலோ ஒரு பிரிவு, 4 முதல் 10 கிலோ அடுத்தது. லட்டுவும் தங்கை வீட்டு நாயும் உடன்பிறந்தவை என்பதற்காக ஒரே மாத்திரையைப் பகிர்ந்துவிடாதீர்கள்.

கூடுதல் எடையைக் குறைக்கச் சொல்வது அழகுக்காக அல்ல. பாமுக்குப் பிறவியிலேயே இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, பின்னங்கால் முட்டிச்சில்லு நகர்வது. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு காலைத் தூக்கி மூன்று காலில் நாலு எட்டு துள்ளிவிட்டு மறுபடி சாதாரணமாக ஓடினால் அதுதான். இன்னொன்று, மூச்சுக்குழாய் சப்பையாகிப்போவது. உற்சாகத்தில் வாத்து கத்துவது போல ஒரு வறட்டு இருமல் வரும். அரைக் கிலோ கொழுப்பு கூடினாலும் இரண்டும் மோசமாகும். எடை எதுவாக இருந்தாலும் கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டாமல் மார்போடு மாட்டும் வாரைப் பயன்படுத்துங்கள்.

எல்லாரும் பெரிய நாயைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எனக்குக் கவலை எப்போதும் மிகச் சின்னதைப் பற்றித்தான். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் "டீகப்" என்று சொல்லி நிறையப் பணம் கொடுத்து ஒரு குட்டி வாங்கி வந்தது. இரண்டரை மாதம், எடை அரைக் கிலோகூட இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் கதவைத் தட்டினார்கள். குட்டி தலை தொங்கி, ஈறு வெளுத்து, உடம்பு சில்லென்று கிடந்தது. புது இடம், பயத்தில் இரவு சாப்பிடவில்லை. அவ்வளவு சின்ன உடம்பில் சர்க்கரையைச் சேமித்து வைக்க இடமே இல்லை, சில மணி நேரப் பட்டினியில் ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடும். ஈறில் தேன் தடவினோம், துணியில் சுற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். வழியிலேயே போய்விட்டது. அந்த வீட்டுப் பெண் குழந்தையின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

குட்டி வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தள்ளாட்டம், கூப்பிட்டால் எழாத சோர்வு, நடுக்கம் தெரிந்தால் உடனே விரலில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தொட்டு ஈறில் தடவ வேண்டும். நினைவில்லாத குட்டியின் வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். கதகதப்பாகச் சுற்றி மருத்துவரிடம் ஓட வேண்டும். மூன்று மாதம் வரை நாலு வேளை சாப்பாடு கட்டாயம்.

வளர்ந்தும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாத நாய்களுக்கு வேறு தொல்லைகளும் வரும். உச்சந்தலை எலும்பு மூடாமல் இருப்பது, சின்ன வாயில் பற்கள் நெருங்கிப் பால்பல் விழாமல் தங்குவது, சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கால் எலும்பு முறிவது. மயக்க மருந்து கொடுப்பதும் கஷ்டம், உடம்புச் சூடு சட்டென்று இறங்கும். ஈற்றில் கடைசியாகத் தேறிய நோஞ்சான் குட்டியை "டீகப்" என்று அதிக விலைக்கு விற்பதையும், சின்னதாகத் தெரிய வேண்டும் என்று வயதைக் கூட்டிச் சொல்லித் தாயிடமிருந்து சீக்கிரம் பிரிப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் என்னால் மன்னிக்க முடியாது. வாங்குகிறவர்கள் சின்னது வேண்டும் சின்னது வேண்டும் என்று கேட்கும்வரை இது நடந்துகொண்டுதான் இருக்கும்.

தங்கை வீட்டு நாய் 2.8 கிலோ என்றீர்கள். நல்ல எடை. ஆனால் அதையும் அதே மாதிரி விலாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2.3 கிலோ ஆக வேண்டிய உடம்பு 2.8 இருந்தால் அதுவும் குண்டுதான், தராசில் அது தெரியாது. இரண்டு நாய்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக நிறுத்தி, தரையிலிருந்து தோள் உச்சி வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். தலைமுடி, முதுகுமுடியைச் சேர்க்காமல் எலும்பு வரைக்கும். லட்டு 26, 27 சென்டிமீட்டர் உயரம் வந்து விலாவும் கைக்குத் தட்டுப்பட்டால், தட்டில் போடுவதைப் போட்டுக்கொண்டே இருங்கள். உயரம் 22 தான் இருந்து எடை 5.4 என்றால், பிஸ்கட் டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள், அளந்த உயரத்தையும் கையோடு எழுதிக் கொண்டுபோங்கள். முடி கொட்டுவது, தண்ணீர் அதிகம் குடிப்பது, வயிறு மட்டும் தொங்குவது இவற்றில் எது இருந்தாலும் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையில் தைராய்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.